மருத்துவமனையில் தயாரிக்கும் ஊசிக் கரைசல்: மீடியா கலங்கவில்லை என்றால் கிருமி இல்லை என்று கையெழுத்துப் போடலாமா?

#1 கலவைமேசை

வணக்கம். நிலைமை இதுதான்.

தயாரிப்பு: 8.4% சோடியம் பைகார்பனேட், 20 மிலி கண்ணாடி வையல், பேட்சுக்கு 80. ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் சூடாக்கிக் கிருமி நீக்குவது) கிடையாது. 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக லாமினார் (வடிகட்டிய காற்று ஒரே சீராக ஓடும்) காற்றோட்டத்தின் கீழ் நிரப்பி, ரப்பர் மூடி போட்டு, அலுமினிய சீல் அடிக்கப்படுகிறது. பதனப் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை.

சோதனை: பேட்சுக்கு 2 வையல். ஒவ்வொன்றிலிருந்தும் 1 மிலி எடுத்து 10 மிலி தயோகிளைகோலேட் குழாயிலும், இன்னொரு 1 மிலி எடுத்து 10 மிலி சோயா-கேசீன் குழாயிலும் (இரண்டும் மீடியா, அதாவது கிருமி இருந்தால் வளர்ந்து கலங்கும் ஊட்டத் திரவம்). இரண்டும் 37 டிகிரியில் 7 நாள். இதுவரை 40 பேட்ச். ஒரு குழாய்கூடக் கலங்கவில்லை.

இப்போது தணிக்கையில் "இந்தச் சோதனை இந்த மருந்துக்குப் பொருந்தும் என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். எதை மாற்ற வேண்டும், எதை முதலில் மாற்ற வேண்டும்?

#2 சவ்வு45

40 பேட்ச் தெளிவாக இருந்ததை வைத்து இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது. கிருமி இருந்திருந்தால் அந்தக் குழாய் கலங்கியிருக்குமா என்பதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தணிக்கையாளர் கேட்டது சரியான கேள்வி.

முதலில் எண்ணிக்கை. மருந்துத் தரநூல்களின் (ஃபார்மகோப்பியா) பொது அட்டவணைப்படி 100 வரை உள்ள பேட்சுக்கு 10% அல்லது 4 கொள்கலன், எது அதிகமோ அது. 80க்கு 8 வையல். 100க்கு மேல் 500 வரை 10 வையல். அதற்கு மேலே 2% அல்லது 20, எது குறைவோ அது. 2 வையல் எந்தக் கணக்கிலும் வராது.

அடுத்து அளவு. 1 முதல் 40 மிலி வரை உள்ள வையலில் பாதியளவு ஒவ்வொரு மீடியாவுக்கும் போக வேண்டும். 40க்கு மேல் 100 வரை 20 மிலி. 100க்கு மேல் பத்தில் ஒரு பங்கு, ஆனால் 20 மிலிக்குக் குறையக்கூடாது. உங்கள் வையலில் 10 மிலி தயோவுக்கு, 10 மிலி சோயாவுக்கு, வையல் காலியாகிவிடும். இப்போது நீங்கள் சோதிப்பது 20 மிலியில் 2 மிலிதான்.

நேரடியாக ஊற்றும் முறையில் மருந்தின் அளவு மீடியாவின் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 10 மிலிக்கு 100 மிலி மீடியா, 8 வையலுக்கு மொத்தம் 16 பாட்டில். செய்யலாம், ஆனால் பைகார்பனேட்டுக்கு அது நல்ல வழி இல்லை. காரணத்தை அகார்த்தட்டு சொல்லட்டும், அவர் பகுதி அது.

வெப்பநிலை: தயோ 30–35, சோயா 20–25. இரண்டையும் 37ல் வைத்தால் உடம்பில் நோய் தரும் கிருமிகளைத் தேடும் மருத்துவ ஆய்வகச் சோதனையாகிவிடும். இங்கே தேடுவது தண்ணீரிலும் காற்றிலும் தோலிலும் இருந்து வருபவற்றை. பூஞ்சைகள் பலவும், குளிர்ந்த நீர்க் குழாய்களில் வாழும் கிராம்-நெகட்டிவ் இனங்கள் பலவும் 37ல் மந்தமாகும், சில வளரவே வளராது. சோயாவை ஏசி அறை மேசையில் வைத்துவிட்டு 20–25 என்று எழுதுவதும் கூடாது. இரவில் ஏசி நின்றால் கணக்கு போயிற்று. குளிரூட்டும் வசதியுள்ள இன்குபேட்டர் தேவை.

நாள்: 14. தோலில் இருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் போன்றவை 7 நாளுக்குள் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

#3 அகார்த்தட்டு

கேட்டதற்காகச் சொல்கிறேன்.

8.4% என்றால் மிலிக்கு 1 மில்லிமோல். 100 மிலி மீடியாவில் 10 மிலி ஊற்றினால் லிட்டருக்கு ஏறத்தாழ 90 மில்லிமோல் பைகார்பனேட் சேர்கிறது. தயோவின் பிஎச் 7.1, சோயாவின் பிஎச் 7.3, இரண்டிலும் ஏற்றத்தாழ்வு 0.2தான். 14 நாளில் கார்பன் டை ஆக்சைடு மெல்ல வெளியேற, பிஎச் 8க்கு மேலே ஏறும். ஊட்டச்சத்து எல்லாம் இருந்தும் அந்தக் காரத்தில் சில கிருமிகள் முடங்கிக் கிடக்கும். சில சமயம் மீடியாவில் உள்ள உப்புகள் படிந்து மெல்லிய மங்கலும் வரும். அதைக் கிருமி என்று நினைத்துப் பதறுவார்கள், அல்லது பழகிப்போய் நிஜக் கலங்கலையும் படிவு என்று ஒதுக்குவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

அதனால்தான் சவ்வு வடிகட்டல். மருந்து சவ்வைக் கடந்து போய்விடும், கிருமி சவ்வில் தங்கிவிடும், சவ்வைக் கழுவி மீடியாவில் போடுகிறோம். பொட்டாசியம் குளோரைடு, 50% டெக்ஸ்ட்ரோஸ் போன்ற அடர்கரைசல்களுக்கும், ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இதே நியாயம்தான்.

பொருந்துமா என்ற ஆதாரம் இப்படி எடுக்க வேண்டும்:

முதலில் மீடியாவே வளர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். தயோவில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா, கிளாஸ்ட்ரிடியம் ஸ்போரோஜெனெஸ். சோயாவில் பேசில்லஸ் சப்டிலிஸ், கேண்டிடா அல்பிகன்ஸ், அஸ்பெர்ஜில்லஸ் பிரசிலியென்சிஸ். ஒவ்வொன்றும் 100 சிஎஃப்யூவுக்கு (வளரக்கூடிய கிருமி எண்ணிக்கை) மேல் போகாமல். பாக்டீரியா 3 நாளுக்குள்ளும் பூஞ்சை 5 நாளுக்குள்ளும் தெளிவாக வளர வேண்டும். புதிதாகக் கரைத்த ஒவ்வொரு மீடியா பேட்சுக்கும் இது உண்டு.

அடுத்தது மருந்தோடு. நிஜச் சோதனையில் எத்தனை வையலோ அத்தனையும், அதாவது ஒரு சவ்வுக்கு 8 × 10 = 80 மிலி, வடிகட்ட வேண்டும். பிறகு கழுவ வேண்டும். *கடைசிக் கழுவுநீரில்தான்* 100 சிஎஃப்யூவுக்கு மிகாமல் கிருமியைச் சேர்க்க வேண்டும். பலர் மருந்திலேயே கலந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சவ்வில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. பிறகு சவ்வு மீடியாவில். பக்கத்திலேயே மருந்து இல்லாமல் அதே கிருமி போட்ட பாட்டில். 5 நாளுக்குள் இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தால் முறை பொருந்துகிறது. மருந்துப் பாட்டில் பின்தங்கினால் கழுவும் அளவைக் கூட்டுங்கள், சவ்வின் வகையை மாற்றுங்கள், அல்லது மருந்தின் கிருமித் தடையை முறிக்கும் நடுநிலையாக்கியைச் சேருங்கள்.

ஆறு கிருமிக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். மருந்தின் செறிவோ தயாரிப்பு முறையோ சோதனை முறையோ மாறினால் மறுபடியும்.

#4 நீராவி121

ஒரு அடிப்படைக் கேள்வி. இதை ஏன் ஆட்டோகிளேவ் செய்வதில்லை? இறுதிக் கொள்கலனிலேயே 121 டிகிரியில் 15 நிமிடம் கொடுக்க முடிந்த எதையும் வடிகட்டி நிரப்பக்கூடாது என்பதுதான் முதல் விதி.

#5 கலவைமேசை

சூட்டில் பைகார்பனேட் கார்பனேட்டாக உடைகிறது, பிஎச் 8.5ஐத் தாண்டுகிறது. அதனால்தான் வடிகட்டல்.

#6 நீராவி121

உடைவது உண்மை. ஆனால் அந்த வினை இருபக்கமும் போகக்கூடியது. கரைசலில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, வாயு கசியாத மூடி போட்டு, அழுத்தம் தாங்கும் கண்ணாடியில் ஆட்டோகிளேவ் செய்தால் வாயு உள்ளேயே இருக்கும். ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகும் குறைந்தது 2 மணி நேரம் திறக்கக்கூடாது. பிறகு பிஎச் 7.0க்கும் 8.5க்கும் இடையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பேட்சிலும் பார்க்க வேண்டும். மூடிதான் இங்கே எல்லாமே: சீல் தளர்ந்த ஒரு வையலில் வாயு போய்விடும், அந்த வையலில் மட்டும் பிஎச் எகிறும். வையல் வெடிக்கும் அபாயம் உள்ளதால் ஆட்டோகிளேவின் உள்ளறை முழுக்கக் குளிரும்வரை கதவைத் திறக்கக்கூடாது.

ஆட்டோகிளேவ் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சொல்லவில்லை. 1972ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் மருத்துவமனையில் டெக்ஸ்ட்ரோஸ் ஊசிநீரால் நோயாளிகள் இறந்தார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தின் ஆட்டோகிளேவில் காற்று முழுதாக வெளியேறாமல் அடியில் தங்கியதால் கீழே இருந்த பாட்டில்கள் வேண்டிய சூட்டை எட்டவே இல்லை. அழுத்தமானி காட்டும் எண்ணை வைத்துக் கையெழுத்துப் போடக்கூடாது. வடிகுழாய் அருகிலும், லோடின் நடுவில் உள்ள பாட்டிலின் *உள்ளேயும்* தெர்மோகப்பிள் வேண்டும். மிக மெதுவாகச் சூடாகும் இடத்தில் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் (சூடு தாங்கும் பாக்டீரியா வித்து) குப்பி வைக்க வேண்டும். சோதனைக்கு எடுக்கும் வையலும் அந்த மூலையிலிருந்துதான் வர வேண்டும்.

#7 குப்பிக்காரர்

இவ்வளவு சிரமம் எதற்கு? ரத்தக் கல்ச்சர் பாட்டில், ஏரோபிக் ஒன்று, அனரோபிக் ஒன்று. 10 மிலி ஊசியில் ஏற்றி இயந்திரத்தில் வைத்தால் 5 நாளில் தானே பீப் அடிக்கும். எல்லா மருத்துவமனையிலும் அந்த இயந்திரம் இருக்கிறது. மனிதக் கண்ணைவிட இயந்திரம் சீக்கிரம் பிடிக்கும்.

#8 அகார்த்தட்டு

குப்பிக்காரர் சொல்வதில் பாதி ஏற்கத்தக்கது. வாயு உணரியுள்ள பாட்டில்கள் பல பாக்டீரியாக்களை ஓரிரு நாளிலேயே காட்டிவிடும் என்பது உண்மை. ஆனால் இந்த மருந்துக்கு அது மிகவும் தவறான தேர்வு.

அந்த இயந்திரங்களில் பல, கிருமி வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைத்தான் அளக்கின்றன. நீங்கள் ஊற்றுவதோ பைகார்பனேட். மீடியாவில் கலந்ததுமே வாயுச் சமநிலை குலையும். கிருமி இல்லாமலே பீப் அடிக்கலாம், அல்லது அடிப்படை அளவு உயர்ந்துபோய் நிஜ வளர்ச்சி மறையலாம்.

இரண்டாவது, அவை ரத்தத்துக்காக வடிவமைத்தவை, 35–37ல் ஓடுபவை. பூஞ்சையை மெதுவாகத்தான் பிடிக்கும், சிலவற்றைத் தவறவிடும். பேட்சை விடுவிக்கும் சோதனையாக வேண்டுமென்றால் அந்த முறையை இதே ஆறு கிருமியோடும், உங்கள் சூழலில் கிடைக்கும் கிருமிகளோடும், இந்த மருந்தோடு ஒப்பிட்டு நிரூபிக்க வேண்டும். அரைநாள் உயிரோடு இருக்கும் கதிரியக்க மருந்துகள், உடனே கொடுக்க வேண்டிய செல் மருந்துகள் போன்றவற்றுக்கு வேகமான முறை அவசியமாகிறது. வாரக்கணக்கில் அலமாரியில் இருக்கும் கரைசலுக்கு 14 நாள் காத்திருக்க முடியும்.

#9 எண்ணிக்கை

8 வையல் எடுத்தால் போதும் என்று யாரும் நிம்மதியாகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு கணக்கு.

80 வையலில் 1 மட்டும் மாசுபட்டது என்றால், 8 எடுத்தால் அது சிக்கும் வாய்ப்பு 10%. 4 மாசுபட்டிருந்தால் ஏறத்தாழ 35%. 8 மாசுபட்டிருந்தால்கூட 59%தான். அதாவது பத்தில் ஒரு வையல் கெட்டிருக்கும் பேட்ச் ஐந்தில் இருமுறை "தேறியது" என்று வெளியே போகும்.

பழைய முறையில் 2 வையல் எடுத்தபோது, 4 கெட்டிருந்தால் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 10%. அதிலும் 20ல் 2 மிலி மட்டும் பார்த்ததால் இன்னும் குறைவு.

இதில் இன்னொன்றும் உண்டு. வையலில் ஒரே ஒரு கிருமி இருந்தால் அது தயோவுக்குப் போன பாதியில் இருக்கும், அல்லது சோயாவுக்குப் போன பாதியில் இருக்கும். பூஞ்சை ஸ்போர் தயோவுக்குப் போனால் வளராமலே போகலாம். மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாமே மேல் எல்லைதான்.

#10 சவ்வு45

எண்ணிக்கை சொன்னது இந்த இழையின் மையம். இதை மாசு எப்படி வருகிறது என்பதோடு சேர்த்துப் பாருங்கள்.

வடிகட்டி நிரப்பும் முறையில் மாசு இரண்டு வழியில் வரும். வடிகட்டி ஓட்டையானால் அல்லது சரியாகப் பொருந்தாவிட்டால் பேட்ச் *முழுதும்* கெடும். 8 வையல் எடுத்தால் அது சிக்கும். ஆனால் நிரப்பும்போது கையுறை ஊசியைத் தொட்டால், மூடி போடும்போது காற்றோட்டத்தின் குறுக்கே கை போனால், *ஒன்றிரண்டு* வையல் மட்டும் கெடும். அதைச் சோதனை பெரும்பாலும் பிடிக்காது.

முதல் வகையைப் பிடிக்க 14 நாள் காத்திருக்கத் தேவையில்லை. வடிகட்டி முடித்ததும் அதே வடிகட்டியில் பபிள் பாயின்ட் பாருங்கள். நனைந்த சவ்வின் ஒரு பக்கம் காற்றழுத்தத்தை மெதுவாக ஏற்றி, மறுபக்கக் குழாய் நுனியைத் தண்ணீரில் வைக்க வேண்டும். குமிழி தொடர்ந்து வரத் தொடங்கும் அழுத்தம்தான் அளவு. 0.22 மைக்ரான் நீர்விரும்பிச் சவ்வு நீரில் நனைந்திருந்தால் பொதுவாக 3.5 பார் அருகில் இருக்கும். எந்த அளவு செல்லும் என்பதை அந்த வடிகட்டியின் சான்றிதழ்தான் சொல்லும். மருந்தில் நனைந்த சவ்வுக்கு அளவு மாறும் என்பதால், முதலில் ஊசிநீரால் நன்றாகக் கழுவிவிட்டு அளப்பது எளிது. தவறினால் ஒருமுறை மீண்டும் நனைத்துப் பார்க்கலாம். மறுபடி தவறினால் பேட்ச் நிராகரிப்பு. வடிகட்டுவதற்கு முன் கரைசலில் 100 மிலிக்கு 10 சிஎஃப்யூவுக்கு மேல் இருக்கக்கூடாது. தண்ணீரில் வாழும் ரால்ஸ்டோனியா பிக்கெட்டி போன்ற சிறிய பாக்டீரியாக்கள் 0.22ஐயும் கடந்திருக்கின்றன. எனவே "எப்படியும் வடிகட்டிவிடும்" என்று பழைய நீரைப் பயன்படுத்தக்கூடாது.

இரண்டாவது வகைக்கு மீடியா ஃபில். மருந்துக்குப் பதில் சோயா மீடியாவை அதே ஆள், அதே மேசை, அதே எண்ணிக்கை, அதே களைப்பு நேரத்தில் நிரப்ப வேண்டும். இதில் 80 வையலும் இன்குபேட்டருக்குப் போகின்றன. மாதிரி எடுப்பதில்லை என்பதே இதன் பலம். ஒரு வையல் கலங்கினாலும் விசாரணை. வேலை முடிந்ததும் கையுறையை மாற்றும் *முன்னால்* ஐந்து விரல் நுனியும் அகார்த் தட்டில் பதிய வேண்டும். ஸ்பிரிட் அடித்துவிட்டுப் பதித்தால் அந்தத் தட்டுக்கு அர்த்தமில்லை. நிரப்பும் நேரம் முழுக்க 90 மிமீ தட்டு திறந்திருக்க வேண்டும், ஒரு தட்டு அதிகபட்சம் 4 மணி நேரம்.

இவை சரியாக இருந்தால் ஸ்டெரிலிட்டி (கிருமியின்மை) சோதனை கடைசிக் காவலாகப் பயன்படும். இவை இல்லாமல் அதை மட்டும் வைத்து நோயாளிக்கு உறுதி கொடுக்க முடியாது.

#11 கலவைமேசை

புரிகிறது. சவ்வு வடிகட்டல் தொடங்கப் போகிறோம். மேசையில் கையோடு செய்யும் வரிசையை யாராவது எழுத முடியுமா? மூடிய கேனிஸ்டர் அமைப்பு இப்போதைக்கு இல்லை, திறந்த ஃபனல்தான்.

#12 சவ்வு45

திறந்த ஃபனலில் செய்யலாம், கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

முதலில் இடம். நோயாளிகளின் சளி, சீழ் மாதிரிகளைப் பார்க்கும் கேபினட்டில் இதைச் செய்யவே கூடாது. தனி லாமினார், தனி அங்கி.

வையல்களின் வெளிப்புறம்தான் பொய்யான கலங்கலுக்கு முக்கியக் காரணம். 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஸ்போரைக் கொல்லாது. அட்டைப் பெட்டியிலிருந்து வந்த வையலில் பேசில்லஸ் ஸ்போர் சாதாரணம். ஸ்போர் கொல்லியில் (ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது பெராசெட்டிக் அமிலம்) துடைத்து, லேபிளில் சொன்ன நேரம் *ஈரமாகவே* விட்டு, பிறகு ஆல்கஹால். அலுமினிய சீலின் விளிம்புக்கு அடியில் துணி போகிறதா என்று பாருங்கள்.

சவ்வு 0.45 மைக்ரான், 47 மிமீ. 0.22 போட்டால் இன்னும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், 0.45 போதும். ஓரம் நீரை விலக்கும் வகைச் சவ்வு நல்லது. ஃபனல் கவ்வும் ஓரத்தில் மருந்து தங்கிவிடாது. ஃபனலும் தாங்கியும் சவ்வோடு சேர்த்து ஆட்டோகிளேவ் ஆனவை. முதலில் 0.1% பெப்டோன் நீர் கொஞ்சம் ஊற்றிச் சவ்வை நனையுங்கள். காய்ந்த சவ்வில் நேராக மருந்தை ஊற்றினால் சீராகப் போகாது.

இரண்டு ஃபனல் வேண்டும். ஒவ்வொரு வையலிலிருந்தும் 10 மிலி இதில், 10 மிலி அதில். ஒரே சவ்வில் எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டு, கிருமி நீக்கிய கத்தரியால் பாதியாக வெட்டி இரண்டு மீடியாவில் போடுவதும் ஏற்கப்பட்ட முறைதான். ஆனால் ஒரு கூடுதல் கை அசைவு, ஒரு கூடுதல் அபாயம். சிரிஞ்சால் இழுக்கும்போது உள்ளே வெற்றிடம் ஏற்படும். கிருமி வடிகட்டி பொருத்திய காற்று ஊசி ஒன்றை முதலில் குத்துங்கள்.

வாக்குவம் மெதுவாக. பைகார்பனேட்டில் வேகமாக இழுத்தால் நுரைக்கும், நுரை மேலேறி ஃபனல் மூடியைத் தொட்டால் அந்த மேற்பரப்பில் இருந்தது எல்லாம் சவ்வுக்கு இறங்கும். பிறகு 100 மிலி பெப்டோன் நீரால் மூன்று முறை கழுவல். ஒவ்வொரு முறையும் ஃபனலின் சுவரைச் சுற்றி நனைய வேண்டும், அடுத்த ஊற்றலுக்கு முன் முழுதும் வடிய வேண்டும். இந்த மூன்று முறை என்பது அகார்த்தட்டு சொன்ன பொருத்தச் சோதனையில் நிரூபித்த எண்ணாக இருக்க வேண்டும். அதிகபட்சம் 200 மிலியில் ஐந்து முறை. அதற்கு மேல் கழுவினால் கிருமியே சேதமாகும்.

முனை தட்டையான இடுக்கியால் சவ்வை ஓரத்தில் பிடித்து, 100 மிலி மீடியா பாட்டிலுக்குள் முழுதும் மூழ்கும்படி விடுங்கள். பாட்டில் சுவரில் ஒட்டி வெளியே நிற்கும் சவ்வு காய்ந்துவிடும்.

தயோ பாட்டிலைப் பயன்படுத்தும் முன் நிறம் பாருங்கள். ரெசாசுரின் என்ற நிறங்காட்டி உள்ளதால் ஆக்சிஜன் புகுந்த மேல்பகுதி இளஞ்சிவப்பாகும். மேல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிவந்திருந்தால் கொதிநீரில் வைத்து நிறம் போனதும் சட்டென்று குளிர்விக்கலாம், *ஒரே ஒரு தடவை*. இரண்டாம் தடவை என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். சவ்வு போட்ட பிறகு தயோவைக் குலுக்கக்கூடாது, காற்று கலந்துவிடும்.

#13 அகார்த்தட்டு

பார்ப்பது பற்றி இரண்டு வரி. கலங்கல் தெரிய மிலிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கிருமியாவது வேண்டும். தினமும் அல்லது 3, 5, 7, 10, 14ஆம் நாட்களில், கறுப்புப் பின்னணி ஒரு தடவை, வெள்ளைப் பின்னணி ஒரு தடவை, கீழிருந்து ஒளி. சோயா பாட்டிலை மெதுவாகச் சுழற்றினால் அடியிலிருந்து பஞ்சு உருண்டைபோல எழுவது பூஞ்சை. மேலே நீர் கண்ணாடிபோலத் தெளிவாகவே இருக்கும், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். தயோவில் மேல் விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய பட்டை என்றால் காற்று விரும்பும் சூடோமோனாஸ் வகையாக இருக்கலாம்.

14ஆம் நாள் மங்கல் கிருமியா படிவா என்று தீர்மானிக்க முடியாவிட்டால் 1 மிலிக்குக் குறையாமல் எடுத்துப் புதிய மீடியாவில் போட்டு, பழையதையும் புதியதையும் குறைந்தது 4 நாள் வைத்துப் பாருங்கள்.

#14 குப்பிக்காரர்

பைகார்பனேட் விஷயத்தில் என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன், வாயுவை யோசிக்கவில்லை. ஒரு சந்தேகம்: கலங்கிவிட்டால் உடனே இன்னொரு 8 எடுத்து மறுசோதனை செய்யலாம்தானே?

#15 எண்ணிக்கை

இல்லை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. என் கணக்கையே திருப்பிப் பாருங்கள்: 80ல் 4 கெட்ட பேட்சை முதல் தடவை பிடிக்க 35% வாய்ப்பு. அதிர்ஷ்டவசமாகப் பிடித்துவிட்டோம். மறுபடி எடுத்தால் பெரும்பாலும் "தெளிவு" என்றுதான் வரும். நல்ல விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதாகிவிடும்.

முதல் சோதனையைச் செல்லாது என்று அறிவிக்க நான்கு காரணங்களே உண்டு: சோதனை அறையின் சுற்றுச்சூழல் தட்டுகளில் கோளாறு, சோதனை முறையில் நடந்த தவறு பதிவில் இருப்பது, எதிர்மறைக் கட்டுப்பாட்டுப் பாட்டிலில் வளர்ச்சி, வளர்ந்த கிருமியை இனங்கண்டபின் அது சோதனைப் பொருளிலோ கைமுறையிலோ இருந்துதான் வந்தது என்று ஐயமின்றி நிறுவுவது. "ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஆகவே சோதித்தவரின் விரல்" என்பது காரணம் ஆகாது. நிரப்பியவருக்கும் விரல் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல மரபணு அளவில் ஒப்பிட வேண்டும்.

எனவே கலங்கிய அன்றே பேட்சை முடக்குங்கள், வார்டுக்குப் போனதைத் திரும்ப எடுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். கிராம் சாயம் (கிருமியின் வகையைக் காட்டும் சாயச் சோதனை) அன்றைக்கே. கிராம்-நெகட்டிவ் கம்பி என்றால் முதலில் தண்ணீரையும் வடிகட்டியையும் பாருங்கள். கிராம்-பாசிட்டிவ் உருண்டை என்றால் கைகளையும் மீடியா ஃபில் பதிவையும். ஸ்போர் உள்ள கம்பி என்றால் வையல், அட்டை, துடைப்பு.

முடிவு வருவதற்கு முன் பேட்சை வெளியே விடுவது எங்கே கொண்டுபோகும் என்பதற்கு 2012ல் அமெரிக்காவில் முதுகுத்தண்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசியே சாட்சி. மருந்துக் கலவையகம் ஒன்றிலிருந்து போன வையல்களில் எக்செரோஹிலம் ரோஸ்ட்ராட்டம் என்ற பூஞ்சை. 20 மாநிலங்களில் 750 பேருக்கு மேல் நோய், 60 பேருக்கு மேல் இறப்பு. சில லாட்டுகள் ஸ்டெரிலிட்டி முடிவு வருமுன்பே அனுப்பப்பட்டிருந்தன.

#16 நீராவி121

எண்டோடாக்சினை யாரும் சொல்லவில்லையே. செத்த கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் அந்த நச்சு 0.22 வடிகட்டியையும் கடக்கும், ஆட்டோகிளேவையும் தாங்கும். மீடியா தெளிவாக இருக்கும், நோயாளிக்கு நடுக்கக் காய்ச்சல் வரும்.

வரம்பு: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 5 யூனிட். 70 கிலோவுக்கு 350. ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 100 மிலி போகும் என்று வைத்தால் மிலிக்கு 3.5. லைசேட்டின் (எண்டோடாக்சின் பட்டால் உறையும் சோதனைப் பொருளின்) உணர்திறன் 0.125 என்றால் 28 மடங்கு வரை நீர்க்கலாம். நீர்க்காமல் சோதிக்க வேண்டாம். பிஎச் 6–8க்குள் இருந்தால்தான் லைசேட் ஒழுங்காக உறையும், பைகார்பனேட்டின் காரமும் உப்பும் அதைத் தடுக்கும். 20 மடங்கு நீர்த்து, அதிலேயே எண்டோடாக்சின் சேர்த்த கட்டுப்பாட்டுக் குழாயும் வையுங்கள். அது உறையாவிட்டால் மற்றக் குழாய்களின் "உறையவில்லை" செல்லாது. 37 டிகிரியில் 60 நிமிடம், இடையில் குழாயைத் தொடக்கூடாது; அதிர்ந்தால் உறைவு உடைந்து பிறகு சேராது. கண்ணாடிக் குழாய்கள் 250 டிகிரியில் 30 நிமிடம் வறட்டுச் சூட்டில் இருந்தவையாக வேண்டும்.

#17 கலவைமேசை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தொகுத்த திட்டம் இது, பிழை இருந்தால் சொல்லுங்கள்:

பேட்சுக்கு 8 வையல், இரண்டு சவ்வு, சவ்வுக்கு 80 மிலி, 100 மிலியில் மூன்று கழுவல். தயோ 32, சோயா 22 டிகிரி, 14 நாள். எதிர்மறைக் கட்டுப்பாடாகத் திறக்காத மீடியா பாட்டில் ஒவ்வொன்று. ஆறு கிருமிப் பொருத்தச் சோதனை முதலில். ஒவ்வொரு பேட்சிலும் பபிள் பாயின்ட், விரல் தட்டு, எண்டோடாக்சின். முடிவு வரும்வரை பேட்ச் பூட்டில். நிரப்புபவர்களுக்கு மீடியா ஃபில் மூன்று தொடர் ஓட்டம். இதற்கிடையே கார்பன் டை ஆக்சைடு முறையில் ஆட்டோகிளேவ் செய்ய முடியுமா என்று தனியாகப் பரிசோதிப்போம்.

#18 சவ்வு45

ஒரு பிழை. திறக்காத மீடியா பாட்டில் மீடியா கிருமியற்றது என்பதை மட்டும் காட்டும். ஃபனல், பெப்டோன் நீர், இடுக்கி, சவ்வு, உங்கள் கை எதையும் காட்டாது. மருந்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாப் படிகளையும், மூன்று கழுவல் உட்பட, அதே மேசையில் செய்து அந்தச் சவ்வையும் இரண்டு மீடியாவிலும் போடுங்கள். அதை வேலையின் கடைசியில் செய்யுங்கள், தொடக்கத்தில் வேண்டாம்; மேசையும் கையும் அப்போதுதான் மிக அழுக்காக இருக்கும்.

#19 அகார்த்தட்டு

கிருமி சேர்க்கும் நேர்மறைக் கட்டுப்பாட்டுப் பாட்டில்களை அந்த அறையிலேயே திறக்க வேண்டாம். சோதனைப் பாட்டில்கள் எல்லாம் மூடி இன்குபேட்டருக்குப் போன பிறகு, வேறு அறையில், வேறு அங்கியில். சப்டிலிஸ் ஸ்போர் ஒருமுறை அந்த லாமினாரில் விழுந்தால் அடுத்த பல பேட்சுக்கு அதுவே வந்துகொண்டிருக்கும்.